கீழ்மதிலில் ஈரம் இல்லை

கோட்டையில் வேலை செய்தவர்கள் எல்லாரும் அவரை மூடி என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரை ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கும்போதுதான் அவரே எப்போதாவது சொல்வார். சொல்லிவிட்டு, யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொன்ன மாதிரி நிற்பார்.

பெயர் வந்த காரணம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. ஆள் கொத்தனார். சுவரில் ஓட்டையைக் கண்டால் அவருக்குக் கை நிற்காது. பொந்து, விரிசல், யாரோ ஆணி பிடுங்கிய குழி, எதுவானாலும் சரி, கரண்டியில் ஒரு உருண்டை கலவை எடுத்து அடைத்து, தேய்த்து, ஈரத் துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைப்பார். அதுவும் சும்மா அடைப்பதில்லை. அந்தச் சுவரின் கல்லையே இடித்துப் பொடியாக்கிக் கலவையில் சேர்த்து, எது பழசு எது புதுசு என்று மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தாலும் தெரியாதபடி செய்துவிடுவார். அவருடைய திமிர் எல்லாம் அந்த ஒரு இடத்தில்தான். டீக்கடையில் அவர் தலை தெரிந்ததும், "மூடியண்ணன் வர்றாரு, கொட்டாவி விடாதீங்கடா, வாய்க்குள்ள பூசிடுவாரு" என்பார்கள். அவரும் சிரிப்பார். உள்ளுக்குள் அது பட்டம் வாங்கிய மாதிரி.

அந்தக் கோட்டையை முதலில் கட்டியவன் ஒரு ராஜா. கட்டி முடித்து அதில் ஒரு மழைக்காலமாவது நிம்மதியாகத் தூங்கினானா என்பது சந்தேகம். அவனை விரட்டியவன் வாசலை இடம் மாற்றினான். அதற்கும் அடுத்து வந்தவனிடம் பீரங்கி இருந்தது. பீரங்கியை ஏற்றி நிறுத்த மேடு வேண்டுமென்று கீழ்மதிலின் உள்பக்கம் மலை மலையாக மண்ணைக் கொட்டி, மதிலின் தோள் வரை நிரப்பிவிட்டான். அதுவரை சும்மா நின்றிருந்த மதில், அன்றிலிருந்து முதுகில் மண்ணைத் தாங்கி நிற்கும் மதிலாயிற்று. பிறகு வந்தவர்கள் அங்கே ஜெயில் வைத்தார்கள், தானியம் கொட்டினார்கள், பட்டாளத்தைத் தங்க வைத்தார்கள், ஆபீஸ் போட்டார்கள். இப்போது வேடிக்கை பார்க்க டிக்கெட் கிழிக்கிறார்கள். இத்தனை பேரும் வந்து போனார்கள். மண் மட்டும் போகவில்லை. ராத்திரி பகல் இல்லாமல் அது மதிலைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

அந்த மதிலில் இடுப்பு உயரத்தில் வரிசையாக, கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள் விட்டிருந்தார்கள். சுற்றிக் காட்டுகிறவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். அம்பு விட என்பான் ஒருவன். ஜெயில் இருந்த காலத்தில் உள்ளே கத்துவது வெளியே கேட்பதற்கு என்பான் இன்னொருவன்; அதைக் கேட்டு வந்தவர்கள் காதை வைத்துப் பார்த்துவிட்டு முகம் வெளுத்துப் போவார்கள். உண்மை இவ்வளவுதான்: மழை பெய்தால் உள்ளே இருக்கும் மண் தண்ணீர் குடிக்கும், குடித்த தண்ணீர் அந்த ஓட்டை வழியாக வெளியேறும்.

வெளியேறிய தண்ணீர் ஒரு காலத்தில் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. மதிலை ஒட்டிக் குதிரை லாயம் இருந்தது. தரையில் ஓடை வெட்டியிருந்தார்கள், தண்ணீர் ஓடிப் போயிற்று. குதிரை எந்தக் காலத்தில் புகார் சொல்லியிருக்கிறது. பட்டாளம் போனதும் லாயத்துக்கு மனுஷர்கள் குடி வந்தார்கள். ஓடையை மூடித் தளம் போட்டார்கள். லாயம் வீடாயிற்று, கோட்டை மதில் அந்த வீடுகளுக்குச் சமையலறைச் சுவராயிற்று. மதிலோரம் என்று அந்த வரிசைக்குப் பெயர். அதில் ஒரு வீட்டில்தான் மூடியின் அக்கா இருந்தாள்.

அக்கா என்றாலும் வளர்த்தவள் அவள்தான். தாய் சீக்கிரம் போய்விட்டதால், தம்பியை இடுப்பில் தூக்கிச் சுமந்த தழும்பு இருக்கிறது என்று கல்யாணமான பிறகும் சொல்லிக் காட்டுவாள். அவள் புருஷன் தையல்காரர். ஒரு கால் சற்றுக் குட்டை, வாய் நல்ல நீளம். முன்னறையில் மிஷின், பின்னறையில் சமையல். மழை பிடித்தால் சமையலறை ஓட்டைகளில் இருந்து காவி நிறத்தில் தண்ணீர் கொட்டும். வீட்டில் இருக்கிற அண்டா குண்டா எல்லாவற்றையும் சுவரோரம் வரிசையாக வைத்துவிட்டு, சமைக்கப் பாத்திரம் இல்லாமல் அக்கா விழிப்பாள்.

ஒரு மழையில் தைத்து மடித்து வைத்திருந்த துணி அத்தனையும் செம்மண் கறை ஆகிவிட்டது. துணிக்காரர் தெருவில் நின்று கேட்கக்கூடாத கேள்வி கேட்டுவிட்டுப் போனார். அக்கா அழவில்லை. நேராகத் தம்பி வீட்டுக்கு வந்து, நடுவீட்டில் உட்கார்ந்து சொன்னாள்.

"ஊர்ல இருக்கிற ஓட்டையெல்லாம் தேடித் தேடி அடைக்கிற. அக்கா வீட்டு ஓட்டை மட்டும் உன் கண்ணுக்குத் தெரியலையாடா?"

தெரியாமல் இல்லை. கோட்டைக்குப் புதிதாக வந்திருந்த இன்ஜினியர், சின்ன வயதுப் பெண், வந்த வாரமே எல்லாரையும் கூப்பிட்டு கீழ்மதிலில் மட்டும் யாரும் கை வைக்கக்கூடாது, அந்த ஓட்டைகள் திறந்துதான் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். மூடி தலையை ஆட்டிவிட்டு வந்திருந்தார். ஆனால் அக்கா நடுவீட்டில் உட்கார்ந்திருக்கும்போது இன்ஜினியராவது மண்ணாவது. அடுத்த விடுமுறை நாளில் கலவைச் சட்டியோடு போய் அடைத்துவிட்டார். சுண்ணாம்பு போதாது என்று சிமெண்டே போட்டார், கை எட்டுகிற ஆழம் வரை திணித்தார், மேலே வழக்கம்போலக் கல்பொடி பூசித் தடம் தெரியாமல் செய்தார்.

வந்தது வினை. இவள் வீட்டில் நின்ற தண்ணீர் பக்கத்து வீட்டில் இரண்டு பங்காகக் கொட்டியது. அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். சரி என்று அதையும் அடைத்தார். அது அதற்கடுத்த வீட்டுக்குப் போயிற்று. இப்படியே போய், மதிலோரம் முழுக்க அடைத்து, வரிசை முடிந்து மதில் வெளியே தெரியும் சந்து மூலையையும் அடைத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். அடுத்த மழைக்கு எந்த வீட்டிலும் ஒரு சொட்டு இல்லை.

அக்காவுக்குத் தலை கால் புரியவில்லை. சுவருக்கு வெள்ளை அடித்தாள். வருகிறவர்கள் போகிறவர்களைச் சமையலறை வரை இழுத்துக்கொண்டு போய், தொட்டுப் பாருங்கள் என்று கையைப் பிடித்துச் சுவரில் வைத்தாள். தையல்காரர் தன் பங்குக்கு, ராஜாக்கள் எல்லாரும் சேர்ந்து கட்டியும் ஒழுகிய சுவரை என் மச்சினன் ஒற்றைக் கரண்டியால் நிறுத்திவிட்டான், அவனுக்கு ஒரு கிரீடம் தைக்க அளவெடுக்க வேண்டும் என்றார்.

அந்த மழை ஓய்ந்த பிறகு, சந்து மூலையில் மதிலில் ஒரு விரிசல் தெரிந்தது. தலைமுடி கனம்தான். மூடியின் கை அரித்தது, ஆனால் அவருக்கு முன்னால் இன்ஜினியர் பார்த்துவிட்டாள். விரிசலுக்குக் குறுக்கே விரல் அகலத்தில் ஒரு கண்ணாடிப் பட்டையை வைத்து, இரண்டு முனையையும் பூச்சு வைத்து ஒட்டினாள். சுவர் நகர்ந்தால் கல் யாரிடமும் சொல்லாது, கண்ணாடி உடைந்து சொல்லிவிடும் என்றாள். பக்கத்திலேயே வேலை செய்கிறவர் என்பதால் அதைக் கவனித்து வரும் பொறுப்பை மூடியிடமே கொடுத்தாள். உடைந்தால் உடனே வந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை.

உடைந்தது. ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் நடுவில் குறுக்காக ஒரு கீறல். சந்தில் பிள்ளைகள் பந்து விளையாடுவது வழக்கம். பந்து பட்டிருக்கும் என்று நினைத்தார். உடைந்த பொருள் கண்முன்னால் கிடக்கிறது, கையில் கரண்டி இருக்கிறது. பழைய ஜன்னல் கண்ணாடியில் அதே அகலத்துக்கு ஒரு பட்டை அறுத்து, பழைய பூச்சைச் சுரண்டி, அதே மாதிரி ஒட்டிவிட்டார். இன்ஜினியர் வழியில் பார்த்துக் கண்ணாடி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அப்படியே இருக்கிறது என்றார். பொய் சொல்லும் எண்ணமே அவருக்கு இல்லை. சரிசெய்துவிட்டால் அப்படியே இருப்பதாகத்தான் அவர் கணக்கு. அந்த ஒரு பட்டைக் கண்ணாடிக்கு உடைவதுதான் வேலை என்பது அவர் மண்டையில் ஏறவில்லை.

இரண்டாம் தடவை உடைந்தபோது சந்தில் பிள்ளைகள் யாரும் இல்லை. மழை தொடங்கியிருந்தது. விரலால் தடவிப் பார்த்தார். நகம் தட்டியது. உடைந்த இரண்டு துண்டில் ஒன்று மற்றதைவிட முன்னால் வந்து நின்றது. பந்து பட்டால் கண்ணாடி உடையும்; ஒரு துண்டு மட்டும் முன்னால் நடந்து வராது. மதிலைக் கீழிருந்து மேலே பார்த்தார். வெகுநாளாகப் பார்த்து வந்த மதில்தான். நடுவில் லேசாக வயிறு தள்ளியிருந்தது, சாப்பிட்டு முடித்த ஆள் மாதிரி.

தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வி அப்போதுதான் அவருக்குள் வந்தது. அது எங்கேயும் போகவில்லை. உள்ளேயே இருக்கிறது.

அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். மழை மேலே பெய்துகொண்டிருந்தது, அதுகூடத் தெரியவில்லை. போய்ச் சொன்னால் யார் அடைத்தது என்று கேட்பார்கள். அது கிடக்கட்டும், வேலை போனால் போகிறது. ஆனால் மதிலோரத்தைக் காலி செய்யச் சொல்லி ஆபீஸில் வெகுகாலமாக நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு சாக்குக் கிடைத்தால் போதும், அன்றைக்கே பூட்டிவிடுவார்கள். அக்கா தெருவுக்கு வந்துவிடுவாள், தம்பி கொடுத்த தகவலால். இந்த மழை எப்படியாவது தாண்டிவிட்டால், வெயில் வந்ததும் ஓட்டையைச் சத்தமில்லாமல் திறந்துவிடலாம். இப்படித்தான் அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டே மூன்றாவது கண்ணாடியை ஒட்டினார். இந்தத் தடவை அவ்வளவு நேர்த்தியாக வரவில்லை.

மழை தாண்டவில்லை. அது பாட்டுக்குப் பெய்தது. கோட்டையில் இருக்கிற சுவர் அத்தனையும் ஊறிக் கறுத்து வழிந்தது, கீழ்மதில் ஒன்றைத் தவிர. அது வெள்ளைத் துணி மாதிரி காய்ந்து நின்றது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மூடி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அக்கா கூப்பிட்டு அனுப்பினாள். கதவு ஊதிவிட்டது, சாத்த முடியவில்லை, இழைப்புளி எடுத்து வந்து கொஞ்சம் சீவிவிடு என்று. கதவு ஊதவில்லை என்பது அவருக்குப் பார்த்ததும் தெரிந்தது. நிலை சாய்ந்திருந்தது. ஆனாலும் சீவிவிட்டார். கதவு சாத்திக்கொண்டது. அக்கா சந்தோஷமாக டீ போட்டுக் கொடுத்தாள். தையல்காரர், என் மிஷின் இப்போதெல்லாம் தானாக நடந்து வாசல் பக்கம் போகிறது, அதற்கும் வயசாகி வீடு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றார். மூடிக்குச் சிரிக்க வரவில்லை.

சமையலறைக்குப் போய்ச் சுவரில் கையை வைத்தார். காய்ந்துதான் இருந்தது. காதை வைத்தார். உள்ளே எங்கேயோ, தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

"எலிடா அது," என்றாள் அக்கா பின்னாலிருந்து. "ஒரு வாரமா அறுக்குது."

அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பியதும் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து, நூலைச் சுவரின் உச்சியில் பிடித்துத் தொங்கவிட்டார். நேரான சுவராக இருந்தால் நூல் நேரே கீழே இறங்கும். இறங்கவில்லை. பாதியில் சுவரின் வயிற்றில் இடித்து, அதன்மேல் ஏறி வளைந்து, குண்டு அந்தரத்தில் ஆடியது. அதை மறைத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"அக்கா, ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்கு வந்துடுங்க. இன்னைக்கே."

"எதுக்கு?"

"சுவர் சரியில்ல."

"எந்தச் சுவரு? நீ அடைச்சியே, அதுவா?"

அதுதான் என்றார். அடைத்தது தப்பு, தண்ணீர் உள்ளே நிற்கிறது, கண்ணாடி உடைந்தது, உடைந்ததை நான் மாற்றி மாற்றி ஒட்டினேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் முகம் கல்லாகிவிட்டது.

"ஆபீஸ்ல என்னடா சொல்லி அனுப்பினாங்க உன்னை? நோட்டீஸ் ஒட்டிப் பாத்தாங்க, ஆள் வச்சு மிரட்டிப் பாத்தாங்க. இப்ப தம்பியையே விடுறாங்களா?"

"ஆபீசுக்கே இன்னும் தெரியாதுக்கா."

"எனக்குத் தெரியுது. நான் இந்த வாசலைத் தாண்டினா சாயங்காலம் பூட்டு தொங்கும். சுவர் எனக்கு ஒண்ணும் பண்ணாது. என் தம்பி பூசின சுவரு அது."

இந்தக் கடைசி வார்த்தைதான் அவரை அடித்தது. தையல்காரரைப் பார்த்தார். அவர் நூலையும் குண்டையும் பார்த்தபடி, வாய் நீளம் எல்லாம் போய் நின்றார். ஆனால் அந்த வீட்டில் பெண்டாட்டி இருக்கிற இடத்தில்தான் அவர் இருப்பார்.

மூடி கோட்டை ஆபீசுக்கு ஓடினார். வயசுக்கு அது ஓட்டம்தான். இன்ஜினியர் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். சொட்டச் சொட்ட நின்று சொன்னார். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். எவ்வளவு ஆழம் அடைத்தீர்கள் என்று கேட்டாள். முழங்கை வரை என்று காட்டினார். எதை வைத்து என்றாள். சிமெண்ட் என்றார். கையைக்கூடக் கழுவாமல் எழுந்துவிட்டாள்.

மதிலோரத்தில் அவள் நின்று எல்லாரையும் வெளியே வரச் சொன்னபோது நல்ல பகல். மழை சாதாரணமாகத்தான் பெய்தது, அதனால் யாரும் நம்பவில்லை. முனகிக்கொண்டும், நாசமாய்ப் போக என்று சபித்துக்கொண்டும், அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டும் ஒவ்வொரு வீடாக வந்தார்கள். அக்கா மட்டும் வரவில்லை. உள்ளே தாழ் போட்டுவிட்டாள். மூடி சீவிக் கொடுத்த கதவு கச்சிதமாகச் சாத்தியிருந்தது. தட்டினார், கெஞ்சினார். மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. வேண்டுமென்றே தைக்கச் சொல்லியிருக்கிறாள்.

அவருக்கு வேறு வழி தெரியவில்லை. சந்து மூலைக்குப் போனார். கண்ணால் பார்த்தாலாவது நம்புவாள் என்று கடப்பாரையை எடுத்து, தான் அடைத்த இடத்தில் குத்தினார். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று, அவ்வளவு நன்றாக அடைத்திருந்தார். இன்ஜினியர் தள்ளி வாருங்கள் என்று கத்தியது காதில் விழவில்லை. சிமெண்ட் விட்டுக்கொடுத்ததும் கடப்பாரையைப் பிடுங்கி எறிகிற வேகத்தில் தண்ணீர் வந்தது. எதிர்ச்சுவரில் போய் மோதித் தெறித்து, சந்து நிறைந்து, காவி வெள்ளமாக அக்கா வீட்டு வாசலுக்குள் புகுந்தது.

கதவு திறந்தது. அக்கா முழங்காலுக்குப் புடவையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தையல்காரர் சண்டையை விலக்குவதற்காக ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து பின்னாலேயே வந்தார்.

"அடைக்கிறதும் நீ, உடைக்கிறதும் நீயாடா? துணியெல்லாம் கீழ கிடக்கு. குடு அந்தக் கடப்பாரையை."

அவள் சந்தைத் தாண்டி, தெரு வரை அவரைத் துரத்திக்கொண்டு வந்தாள். அவர் பின்னால் நகர்ந்துகொண்டே இருந்தார், கடப்பாரையைக் கொடுக்காமல். திட்டு நிற்கவில்லை. சின்ன வயதில் செய்த குறும்பு வரைக்கும் போயிற்று. அந்தத் திட்டு நடுவில்தான் தண்ணீர் நின்றது. உள்ளே மண் நகர்ந்து வழியை அடைத்துவிட்டது போல, குழாயைத் திருகி மூடிய மாதிரி சட்டென்று நின்றது. இன்ஜினியர் முகத்தைப் பார்த்த மூடி, அக்காவின் கையை எட்டிப் பிடித்து இழுத்தார்.

மதில் விழுந்தது என்று சொல்ல முடியாது. அது உட்கார்ந்தது. வயிறு இறங்கியது, தோள் முன்னால் சரிந்தது, அதற்குப் பின்னால் பீரங்கிக்காரன் கொட்டிய மண் அத்தனையும், இவ்வளவு காலம் காத்திருந்தது போல, அவசரமே இல்லாமல் வீடுகள் மேல் நடந்து வந்தது. சத்தம் அதற்கு அப்புறம்தான் வந்தது. மதிலோரம் இருந்த இடத்தில் சேறு குமிழி விட்டது. ஆள் யாருக்கும் ஒன்றும் இல்லை.

அக்கா தெருவோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்ப அது எலி இல்லையா?"

தையல்காரர் தன் துண்டை எடுத்து அவள் தலையில் போட்டார்.

அங்கே நிற்கக்கூட விடவில்லை இன்ஜினியர். மூடியைத் தனியாகக் கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"வேற எங்கெல்லாம் அடைச்சிருக்கீங்க?"

மூடி வாயைத் திறந்தார். மீசை முளைக்காத வயதில் இந்தக் கோட்டைக்குள் வந்தவர். மேல்மதில், கொத்தளம், சந்தைத் தெருவைப் பார்த்த பக்கம், தண்ணீர்த் தொட்டிப் பக்கம், நடந்த வழியெல்லாம் கரண்டியோடு நடந்தவர். எது பொந்து, எது பல்லி முட்டை இட்ட குழி, எது யாரோ வேண்டுமென்றே விட்டு வைத்த ஓட்டை என்று எதையாவது அவர் பார்த்தாரா? கண்ணில் பட்டது, அடைத்தார்.

"ஞாபகம் இல்லம்மா."

"பாத்தா தெரியுமா?"

தெரியாது. தெரியாதபடி செய்வதற்குத்தானே ஆயுசைச் செலவழித்திருக்கிறார்.

இருவரும் சந்தைத் தெருப் பக்கம் நடந்தார்கள். அங்கே மதிலை ஒட்டிக் கடைகள், கடைகளுக்கு மேலே வீடுகள். விழுந்த சத்தம் கேட்டு ஜனங்கள் ஜன்னலில் தலையை நீட்டி, என்ன ஆச்சு மூடியண்ணே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மேலே பார்க்கவில்லை. உள்ளங்கையை மதிலில் வைத்துத் தடவியபடி போனார். ஈரமாக இருந்த இடத்தைத் தாண்டினார். கை காய்ந்த இடத்தில் பட்டால், அங்கே அடைத்திருக்கிறது என்று நின்றார், இன்ஜினியர் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டாள். முதல் வட்டம் ஒரு ரொட்டிக்கடைக்குப் பின்னால். இரண்டாவது, அதிலிருந்து கை எட்டும் தூரத்தில்.

மழை கொஞ்சம் கொஞ்சமாக விட ஆரம்பித்தது. ஜன்னல்காரர்கள் அப்பாடா என்றார்கள். மூடி நடையை வேகப்படுத்தினார். மழை நின்றுவிட்டால் எல்லாச் சுவரும் காய்ந்துவிடும், அப்புறம் எது எதுவென்று அவருக்கே தெரியாது.